கேஸில் இல்லாத தொண்டை

ஸ்டூலில் உட்கார்ந்ததும் மணியம்மா மூக்குத்தியைக் கழற்றி முந்தானை ஓரத்தில் முடிந்துகொள்வார். பிறகு முகத்தைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் மூக்குத் துவாரத்தில் நேராக விழும்படி தலையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்த்து ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்வார். எதிரே டார்ச்சோடு வந்து நிற்கும் மாணவனுக்கு வேர்த்துக் கொட்டும்.

“பயப்படாத நைனா. நெதானமா பாரு. நானும் ஓடமாட்டேன், என் மூக்கும் ஓடாது.”

திருப்பதியில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை செய்முறைத் தேர்வு நடக்கும். தேர்வு எழுத மாணவர்கள் வேண்டும், மதிப்பெண் போட வெளியூர்ப் பேராசிரியர்கள் வேண்டும், இவர்கள் எல்லாரையும்விட நோயாளிகள் வேண்டும். அவர்களுக்குக் கல்லூரி பாஷையில் ‘கேஸ்’ என்று பெயர். ஒரு நல்ல கேஸ் அமைவது நல்ல சம்பந்தம் அமைகிற மாதிரி அபூர்வம். அமைந்துவிட்டால் விடமாட்டார்கள். காலையில் இட்லியும் மத்தியானம் பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து, தேர்வு தோறும் வரவழைத்து உட்கார வைப்பார்கள்.

நானும் ஒரு கேஸ்தான். கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் இடது காதுச் சவ்வில் ஓட்டை இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக அந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்துத் தேறியவர்கள் இன்று ஆந்திரா முழுக்க டாக்டர்களாக இருக்கிறார்கள். ஆனால் காதில் ஓட்டை ஊருக்கு நூறு பேருக்கு இருக்கும். மணியம்மாவின் மூக்கு அப்படியல்ல. துறைத் தலைவர் டாக்டர் முரளிதரன் தன் முப்பது வருட சர்வீஸில் அந்த மாதிரி மூக்கை நான்கு முறைதான் பார்த்திருக்கிறாராம். எங்கள் இருவருக்கும் உள்ள இந்த அந்தஸ்து வித்தியாசம் மணியம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

“உன்னுது இன்னா ஜெராக்ஸ்காரரே, வெறும் ஓட்டை. பஞ்சரு கடையில கூட பாக்கலாம். என்னுது புஸ்தகத்துல போட்ட மூக்கு!”

மூக்கு அவருக்குப் பகுதி நேர வேலைதான். முழு நேர வேலை தொண்டையில் நடக்கிறது. சித்தூர் ரோட்டில் புத்தலப்பட்டுக்கு உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில், பெண்கள் கூலிக் குழு ஒன்றுக்கு மணியம்மா மேஸ்திரி. பெங்களூரா ரக மாங்காய் பறிக்க, தக்காளி எடுக்க, வேர்க்கடலை பிடுங்க, எந்தத் தோட்டக்காரர் எத்தனை ஆள் கேட்டாலும் சேர்த்துக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். எல்லாப் பெண்களிடமும் செல்போன் இருக்கிறது. மணியம்மா யாருக்கும் போன் செய்வதில்லை. விடிந்ததும் ரோட்டு முனையில் சரக்கு ஆட்டோவின் பக்கத்தில் நின்று, இடது கையைக் கன்னத்தில் அணைத்து வைத்து, முப்பத்திரண்டு பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடுவார். ஒருமுறை நானே போய்ப் பார்த்தேன். “ஏய் செங்கம்மா...வ்!” என்ற அந்த முதல் கூப்பாடு என் ஓட்டைக் காதுக்கும் கேட்டது.

ஏன் போன் செய்வதில்லை என்று கேட்டேன்.

“போன்ல கூப்ட்டா, இதோ வந்துகினே கீறேன்னு படுத்துகினே சொல்லுவாளுங்க. தெருவுல நின்னு கூப்ட்டா மாமியாக்காரிக்குக் கேட்டுடும். அப்பால எப்பிடி படுப்பா?”

பக்கத்து ஊரில் ஹரிபாபு என்று இன்னொரு மேஸ்திரி இருக்கிறார். அவர் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவிலேயே முடித்துவிடுகிற நவீன ஆசாமி. மணியம்மாவின் ஆட்களையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. இது வரைக்கும் நடக்கவில்லை, காரணம் அந்தக் குரல்.

இந்த மனுஷிக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் மூக்கு அடைத்தது. சளி என்று நினைத்தார். அடைப்பு போகவில்லை. உள்ளே பொருக்குத் தட்டியது, பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வந்தது. கொஞ்ச நாளில் ஆட்டோவில் அவர் ஏறினால் பக்கத்தில் இருக்கிற பெண்கள் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி எதிர்ப்பக்கம் நகர்ந்தார்கள். கணவர் சின்னப்பன் காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லிக் கட்டிலை வெளியே போட்டுக்கொண்டார். மணியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அந்தச் சீக்கோட கெட்டிக்காரத்தனம் அதான். மூக்கு வெச்சிகினு கீறவளுக்கு மோப்பம் போயிடும். பக்கத்துல குந்திகினு கீறவளுக்குத்தான் கொடலைப் பொரட்டும். நாலு வருசம் எனக்கே தெரியாம ஊரை நாறடிச்சிகினு இருந்தேன்!”

இதைச் சொல்லும்போது அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த நாளில் சிரித்திருக்கமாட்டார். மூக்கு இரண்டு பக்கமும் அகன்று, கெட்டியாகி, மூக்குத்தியைத் தட்டாரிடம் போய் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு டாக்டர் சைனஸ் என்றார். இன்னொருவர் சதை வளர்ந்திருக்கிறது என்று வெட்டினார், வெட்டிய இடத்தில் சதை மறுபடியும் வளர்ந்தது. மூன்றாமவர் காசநோய் மாத்திரை கொடுத்தார். நாலாமவர் முகத்தைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கி, இது புற்றாகத்தான் இருக்கும், பெரிய ஊருக்குக் கொண்டு போங்கள் என்று சின்னப்பனிடம் ரகசியமாகச் சொன்னார். சின்னப்பனுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஓவென்று அழுதுவிட்டார்.

பெரிய ஊர் என்றால் அவர்களுக்குத் திருப்பதி. அங்கேதான் முரளிதரன் அந்த மூக்கை இரண்டு விரலால் பிடித்து அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை, மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்றார் மணியம்மா. மறுபடியும் அழுத்தினார், யோசித்தார். அதுவரை எல்லாரும் மேலாகப் பொருக்கைத்தான் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இவர் உள்ளே போய் நல்ல சதையாக ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார். நான்கு நாள் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் அவரையே நேரில் கூப்பிட்டுக் காட்டினார்கள். நுரை நுரையாகப் பெரிய செல்கள், அந்த நுரைக்குள் குச்சி குச்சியாகக் கிருமிகள். புற்று இல்லை, காசமும் இல்லை. ரைனோஸ்கிளிரோமா என்று அதற்குப் பெயர். பாக்டீரியா வருடக்கணக்காக மூக்கில் குடியிருந்து செய்கிற வேலை. மாத்திரை உண்டு, மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

“டாக்டரு லாட்டிரி அடிச்ச மாதிரி சிரிச்சிகினு வந்தாரு. எனக்குப் பத்திகினு வந்துச்சி. நம்ம மூக்கு அழுவுது, இவுரு சிரிக்கிறாரேன்னு. அப்பால சாவற நோவு இல்லம்மான்னாரு. அப்ப நானும் சிரிச்சேன். எங்கூட்டுக்காரரு மட்டும் அதுக்கும் அழுதாரு.”

எட்டு மாதம் மாத்திரை. நடுவில் ஒரு சின்ன ஆபரேஷன். ஒரு நாள் காலையில் ரோட்டு முனையில் நிற்கும்போது யாரோ வீட்டில் கடுகு தாளிக்கிற வாசனை அடித்ததாம். மணியம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயரைப் பாதியில் விட்டுவிட்டு, அந்த வீட்டு வாசலில் போய் நின்று, என்ன குழம்பு என்று விசாரித்திருக்கிறார். அந்த வாரமே புது மூக்குத்தி குத்திக்கொண்டார். நோய் போய்விட்டாலும் அகன்ற மூக்கும் உள்ளே தழும்பும் அப்படியே இருந்தன. அதற்கப்புறம்தான் முரளிதரன் அவரைத் தேர்வுக்குக் கேஸாக வரச் சொன்னது.

முதல் தேர்விலேயே மணியம்மா கல்லூரியின் மானத்தை வாங்கினார். வந்த மாணவி ஒருத்தி அழுதிருக்கிறாள். மணியம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. “ரைனோ-ஸ்கிளி-ரோமான்னு எழுதிக்கோ கண்ணு, கிருமியோட பேரு கிளப்சியல்லா” என்று சொல்லிவிட்டார். அவளுக்குச் சொல்லிவிட்டு அடுத்தவனுக்குச் சொல்லாமல் இருப்பது நியாயமா? ஆகவே வந்த ஐந்து பேருக்கும் சொன்னார். ஐந்தாவது பையன் மூக்கைப் பார்க்காமலே பதிலைச் சொன்னதில் வெளியூர்ப் பேராசிரியருக்குச் சந்தேகம் வந்து, விசாரணை முரளிதரன் வரைக்கும் போயிற்று. அவர் மணியம்மாவை ஜன்னல் பக்கம் அழைத்துப்போய், தூரத்தில் தெரியும் திருமலையைக் காட்டி, இனிமேல் எந்த மாணவனுக்கும் நோயின் பெயரைச் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஏழுமலையான்மேல் செய்த சத்தியத்தை மணியம்மா மீறமாட்டார். அன்றிலிருந்து யாராவது பெயரைக் கேட்டால் ஜன்னலைத்தான் கையால் காட்டுவார்.

பெயரைச் சொல்லக்கூடாது, சரி. மற்றதை எப்படிச் சொல்வது என்று முரளிதரனே வரிசை போட்டுக் கொடுத்தார். முதலில் அடைப்பு, அப்புறம் பொருக்கு, அப்புறம் நாற்றம், அப்புறம் வீக்கம், கடைசியில் வைத்தியம். மணியம்மா அதை மனப்பாடம் செய்துவிட்டார். தமிழ்ப் பிள்ளை வந்தால் தமிழில், தெலுங்குப் பிள்ளை வந்தால் தெலுங்கில், கமா கூட மாறாது. மூன்று ஆண்டில் ஐந்து தேர்வு, நாற்பதுக்கும் மேல் மாணவர்கள். எல்லாருக்கும் அதே கேஸ்தான்.

போன ஆண்டு மாங்காய் சீசன் முடிந்த கையோடு வந்த தேர்வில்தான் சங்கதி நடந்தது. காலையில் என்னைப் பார்த்ததும் “வாங்க ஜெராக்ஸ்காரரே” என்றார். குரல் தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது.

“என்ன மணியம்மா, எலக்‌ஷனுக்குக் கத்தினீங்களா?”

“எல்லாம் அந்த மாங்கா கத்தல்தான். ரெண்டு மாசமா தொண்டை கட்டிகினு கீது. உப்புத் தண்ணி கொப்பளிக்கிறேன், அதிமதுரம் வாயிலியே போட்டுகினு கீறேன். ஆடி காத்துல சரியாப் பூடும்.”

ஆறு பெண்கள் ஹரிபாபுவின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டார்களாம். காலையில் கூப்பிட்டால் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. முந்தானையிலிருந்த மூக்குத்தி முடிச்சைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். என்னை அறிவில்லாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“மூணு மாசத்துக்கு ஒருவாட்டி காட்டிகினு போன்னு அவரு அப்பவே சொல்லிக்கீறாரு. நான்தான் பரிச்சைக்குப் பரிச்சை வரேனே? ஒரு நாளிக்கு பத்து பேரு டார்ச்சு அடிச்சிப் பாக்கறாங்க, வெளியூரு டாக்டரு ரெண்டு பேரு பாக்கறாங்க. மந்திரிக்குக் கூட இவ்ளோ செக்கப்பு கெடையாது!”

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் தேர்வுக்காகப் பார்த்தார்கள், அதிலும் மூக்கை மட்டும் பார்த்தார்கள் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. இத்தனைக்கும் மணியம்மாவின் தலைக்கு மேலேயே செவி, முக்கு, கொந்து என்று காது மூக்கு தொண்டை மூன்றையும் தெலுங்கில் எழுதிய பலகை தொங்குகிறது. அன்றைக்குத் தொண்டை கேஸாக வர வேண்டிய ஆள் வேறு வரவில்லை. தொண்டைக்கு எங்கே போவேன் என்று முரளிதரன் வராந்தாவில் போனும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார். மணியம்மா அவருக்காக வருத்தப்பட்டு உச்சுக்கொட்டினார்.

அன்று மணியம்மாவிடம் முதலில் வந்த மாணவி தரணி. சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எனக்கு அவளைத் தெரியும், நோட்ஸ் எல்லாம் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுப்பாள். போன முறை தேர்வில் பயத்தில் வாயே திறக்காமல் தோற்றவள், இது இரண்டாவது முறை. நோயாளியிடம் கேட்பதற்கு அரை மணி நேரம். பிறகு பரிசோதகர்கள் வந்துவிடுவார்கள். அடுத்த கட்டிலில் என் நல்ல காது அந்தப் பக்கமாக இருக்கும்படி நான் உட்கார்ந்திருந்தேன், அதனால் எல்லாம் கேட்டது.

மணியம்மா தன் கேஸைச் சொல்லி முடித்தார். தரணி எழுதினாள். மூக்கைப் பார்த்தாள், டார்ச்சைக் கீழே போட்டாள், எடுத்தாள், மறுபடி பார்த்தாள். கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் அவளுக்கு மறந்துபோய்விட்டது. இன்னும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. சும்மா நிற்கவும் முடியாமல், தன் ஊரில் பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்பதுபோல் கேட்டுவைத்தாள்.

“இன்னிக்கு எப்படி இருக்கு உங்களுக்கு?”

மணியம்மா தலையை வெளிச்சத்திலிருந்து திருப்பி அவளைப் பார்த்தார். நாற்பது பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

“இன்னிக்கா? இன்னிக்கு... அது கேஸ்ல இல்ல பாப்பா.”

“எது?”

“இந்தத் தொண்டை. ரெண்டு மாசமா கீது. மாடி ஏறுனா விசிலு மாதிரி ஒரு சத்தம். நீ அத்தெல்லாம் எழுதாத. எழுதுனா கொழம்பிப்பூடும், மார்க்கு போயிடும்.”

தரணி நோட்டை மூடி வைத்துவிட்டாள். “எழுந்திருங்க, வாசல் வரைக்கும் வேகமா நடந்துட்டு வாங்க” என்றாள். மணியம்மா நடந்துவிட்டு வந்தார். தரணி குனிந்து அவர் கழுத்தருகே காதை வைத்துக் கேட்டாள். மூச்சு உள்ளே போகும்போது மெல்லிய ஓசை. அது எனக்கும் கேட்டது. சொல்லப்போனால் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை.

பரிசோதகர்கள் வந்தார்கள். தரணி நோயின் பெயரைச் சரியாகச் சொன்னாள். வெளியூர்ப் பேராசிரியர் தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் பாஸ். அவள் நிறுத்தவில்லை.

“நோய் இப்பவும் இருக்கு சார். குரல்வளைக்குக் கீழ இறங்கியிருக்கும்னு நினைக்கிறேன்.”

“நான் மூக்கைப் பத்தித்தான் கேட்டேன்” என்றார் வெளியூர்க்காரர்.

“இது குணமான கேஸும்மா. மூணு வருஷம் ஆச்சு” என்றார் முரளிதரன் மெதுவாக. பையனோ பெண்ணோ, தடுமாறினால் கைகொடுத்துத் தூக்கிவிடுகிற மனிதர் அவர். வார்த்தையை மாற்றிக்கொள் என்று கண்ணாலேயே சொன்னார்.

தரணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் வார்த்தையை மாற்றவில்லை. “மூச்சு இழுக்கும்போது சத்தம் வருது சார். நீங்களே கேட்டுப் பாருங்க.”

முரளிதரன் மணியம்மாவின் பக்கம் திரும்பினார். “என்னம்மா, தொண்டை சரியில்லையா? ஏன் சொல்லல?”

“அது கேஸ்ல இல்லியே சார். நீங்க போட்டுக் குடுத்த வரிசையில மூக்கு மட்டும்தான கீது? புச்சா ஒன்னு சேர்த்தா பசங்க கொழம்பிடும்னு நான்தான் சொல்லல.”

முரளிதரன் மேஜையில் இருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துச் சூடுகாட்டி, மணியம்மாவின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, தொண்டைக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை வெளியூர்க்காரரிடம் கொடுத்தார். அவரும் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். குரல் நாண்களுக்குக் கீழே வழி பாதியாகச் சுருங்கியிருந்தது, உள்ளே பொருக்கு. இன்னும் இரண்டு மாதம் இப்படியே விட்டிருந்தால் கழுத்தில் ஓட்டை போட்டுத்தான் மூச்சுவிட்டிருக்க வேண்டும் என்று முரளிதரன் பிற்பாடு என்னிடம் சொன்னார். ஓட்டை போட்டிருந்தால் பிறகு முப்பத்திரண்டு பேரை எப்படிக் கூப்பிடுவது?

அப்போதே சக்கர நாற்காலி வந்தது. மணியம்மாவை அதில் உட்காரவைத்துத் தள்ளினார்கள். வாசலில் போய் அவர் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“சார்! அந்தப் பாப்பாவுக்கு பாஸ் போட்டியா?”

“முதல்ல நீங்க போங்கம்மா.”

“நீ போடு சார். அப்பால நான் போறேன்.”

வெளியூர்ப் பேராசிரியர் மதிப்பெண் தாளை எடுத்து ஏதோ எழுதினார். தேர்வில் மதிப்பெண்ணை யாருக்கும் காட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அவர் காட்டவில்லை. மணியம்மாவைப் பார்த்து ஒரு தடவை கண்ணை மட்டும் மூடித் திறந்தார். மணியம்மா சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். தரணி சுவரோடு ஒட்டி நின்று தேம்பிக்கொண்டிருந்தாள், நான் என் பிரியாணிப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே தொண்டையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அதே நுரை, அதே குச்சிகள். மூக்கிலிருந்து துரத்திய கிருமி சத்தமில்லாமல் கீழ்வீட்டுக்குக் குடிபோயிருந்தது. குழாய் விட்டுச் சுருக்கத்தை அகற்றினார்கள். மறுபடியும் மாத்திரை, இந்த முறை ஏழு மாதம். முதல் ஒரு மாதம் பேசவே கூடாது என்று உத்தரவு. அந்த ஒரு மாதமும் ரோட்டு முனையில் மணியம்மாவுக்குப் பதிலாகச் சின்னப்பன் நின்று கூப்பிட்டார். அவருக்குப் பெயர்கள் வரிசையாக ஞாபகம் வராது. கன்னிகாவை இரண்டு முறை கூப்பிடுவார், செங்கம்மாவை விட்டுவிடுவார். மணியம்மா பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்று, அவர் தப்பு விடும்போதெல்லாம் முழங்கையால் இடிப்பார். இந்தக் கூத்தைப் பார்க்கவே பெண்கள் சீக்கிரம் எழுந்து வந்தார்களாம்.

தை மாதம் மணியம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. போனே செய்யாதவர் செய்கிறாரே என்று பதறி எடுத்தேன். “ஜெராக்ஸ்காரரே, காதுல வெச்சிகினியா?” என்று கேட்டார். வைத்துக்கொண்டேன் என்றேன். “ஏய் செங்கம்மா...வ்!” என்று ஒரு கூப்பாடு. நல்ல காதில் வைத்துத் தொலைத்திருந்தேன். கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் முப்பத்திரண்டு பெண்களும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. போன ஆறு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று அப்புறம் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் அன்று நாள் முழுக்கக் கடையில் கை ஓடவில்லை, ஒரு பையனுக்குப் பத்து காப்பிக்குப் பதில் நூறு காப்பி எடுத்துவிட்டேன்.

தரணி இப்போது சூளூர்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முரளிதரனிடம் காட்டினீர்களா என்று மணியம்மாவுக்குப் போன் செய்து கேட்கிறாளாம். மணியம்மாவும் இப்போது தேர்வு இல்லாத நாளிலும் சீட்டு எடுத்து வரிசையில் நின்று காட்டிவிட்டுப் போகிறார். பரிச்சைக்குப் பார்ப்பது வேறு, நோவுக்குப் பார்ப்பது வேறு என்று எனக்கே பாடம் எடுத்தார்.

இந்த மாதம் மறுபடி தேர்வு வந்தது. மணியம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார், மூக்குத்தியைக் கழற்றி முடிந்துகொண்டார், முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிரவீன் என்கிற உயரமான பையன் வந்தான். கெட்டிக்காரன், பயமே இல்லை. கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டான், மணியம்மா வரிசையாகச் சொன்னார், மளமளவென்று எழுதினான். மூக்கை அழுத்திப் பார்த்தான். எல்லாம் முடித்து, “சரேம்மா, தேங்க்ஸ்” என்று நோட்டை மூடி, பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். கதவருகே முரளிதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

மணியம்மா ஜன்னல் வழியாக மலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு வாயில் கையை வைத்து, கணீரென்ற தொண்டையால் லொக்கு லொக்கென்று இரண்டு முறை இருமினார். முரளிதரன் சட்டென்று மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பையன் போகத் திரும்பியவன் நின்றான்.

“என்னம்மா, இன்னிக்கு உடம்பு சரியில்லையா?”

மணியம்மா ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து காட்டினார்.